பார்த்தும் பார்க்காத லாரி

காலை ஏழரை மணிக்கு வெள்ளகோவிலில் காங்கேயம் சாலை ஓரமாக நின்றால் திருப்பூரின் ஒரு நாள் எப்படித் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள், விசைத்தறிக்கு நூல் இறக்கப் போகும் குட்டியானைகள், எண்ணெய் ஆலைக்குக் கொப்பரை கொண்டுவரும் லாரிகள், பால் கேன் தொங்கும் மொபெட்டுகள், கோவைக்கும் திருச்சிக்கும் இடையே அடித்துப் பிடித்து ஓடும் பேருந்துகள். தேசிய நெடுஞ்சாலை 81-இல் இவை எல்லாமே ஒரே தார்ப்பரப்பைப் பங்குபோட்டுக்கொள்கின்றன.

அந்தக் கூட்டத்தில் இடது ஓரமாக மொபெட்டில் வருபவர் ஒருவரைக் கவனியுங்கள். ஐம்பதை நெருங்கும் வயது. கால் வைக்கும் இடத்தில் ஒரு நூல் மூட்டை. போன், ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே செருகியிருக்கிறது. “ரெண்டு ரோல்தானுங்க பாக்கி. மத்தியானத்துக்குள்ள வந்துரும். இல்லீங்க, அது குடோன்லயே இருக்குது, கிரே கலர் அடுக்குக்குப் பின்னால, மூலையில. பையனைப் பார்க்கச் சொல்லுங்க.” இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கின்றன. கண் சாலையை விட்டு அகலவில்லை. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை. இப்படி வருபவர் ஓரமாக நிறுத்தியிருந்த டிராக்டர் டிப்பரில் போய் மோதினால், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: “நேராத்தானுங்க பார்த்துட்டு வந்தேன்.”

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் விஷயமே. டிப்பர் அவர் கண்ணில் விழுந்திருக்கிறது, மனதில் விழவில்லை. கண்ணுக்கும் மனதுக்கும் இடையே அந்த டிப்பர் எங்கே தொலைந்தது என்று கடந்த முப்பது ஆண்டுகளாக உளவியலாளர்கள் தேடிவருகிறார்கள். கிடைத்திருக்கும் விடை, சாலைச் சட்டத்துக்கும் நம் பழக்கத்துக்கும் சேர்த்தே சங்கடம் தருவது.

முதலில், சர்ச்சை இல்லாத பகுதி. கண்ணைச் சாலையில் இருந்து எடுத்தால் ஆபத்து. இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, கணக்கு போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வுக் கழகம் லாரிகளுக்குள் கேமரா பொருத்தி ஓட்டுநர்களைப் பதிவு செய்தது. குறுஞ்செய்தி அனுப்பியபடி ஓட்டியவர்களின் கண், விபத்துக்கோ நூலிழையில் தப்பிய தருணத்துக்கோ முந்தைய 6 நொடிகளில் சராசரியாக 4.6 நொடி சாலையை விட்டு விலகியிருந்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 76 மீட்டருக்கும் மேல், கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டிய தூரம். குறுஞ்செய்தி ஆபத்தை 23 மடங்கு கூட்டியது என்று 2009-இல் வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது. வாட்ஸாப்பில் வந்த டிசைன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரிடம் இதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

நம் மொபெட்காரர் கதை வேறு. அவர் கண் சாலையில் இருந்தது. ஆகவே டொரண்டோவுக்குப் போக வேண்டும்.

டொனால்ட் ரெடல்மையர் என்ற மருத்துவரும் ராபர்ட் டிப்ஷிரானி என்ற புள்ளியியலாளரும் 1997-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உயிர்ப்பலி நடந்த பெரிய விபத்துகளை அவர்கள் எடுக்கவில்லை. பம்பர் நசுங்கியது, கதவு ஒடுங்கியது, கண்ணாடி போனது என்று தினமும் நடக்கும் மோதல்களைத்தான் எடுத்தார்கள். அப்படி மோதிய, செல்பேசி வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் 26,798 அழைப்புகளைத் தொலைபேசிக் கட்டணப் பட்டியலில் இருந்து திரட்டினார்கள். அந்த ஆய்வின் அழகு ஒப்பிட்ட விதத்தில் இருக்கிறது. போன் பேசுகிறவர்களே பொதுவாகத் துணிச்சல்காரர்களாக இருக்கலாமே என்ற கேள்வி வரும் அல்லவா? அதனால் ஓர் ஆளை இன்னோர் ஆளோடு ஒப்பிடவில்லை. மோதுவதற்குச் சற்று முன் அவர் போனில் இருந்தாரா, அதே ஆள் முந்தின நாள் அதே நேரத்தில் போனில் இருந்தாரா என்று அவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள். பேசும்போது விபத்து வாய்ப்பு 4.3 மடங்கு. எட்டாண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களிடம் இதே முறையில் பார்த்தபோதும் ஏறக்குறைய நான்கு மடங்குதான் வந்தது.

இரண்டு ஆய்வுகளிலும் ஒரு துணைமுடிவு உண்டு. கையில் போனைப் பிடித்துப் பேசியவருக்கும் கை படாமல் பேசியவருக்கும் ஆபத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. புளூடூத் விற்பவர்கள் இதை அட்டைப்பெட்டியில் அச்சிடுவதில்லை.

கை சும்மா இருக்கிறது, கண் சாலையில் இருக்கிறது, பிறகு எது கெட்டது? யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் அவர் சகாக்களும் ஆட்களைப் பாவனை ஓட்டுக் கருவியில் உட்கார வைத்து, கண் எங்கே பார்க்கிறது என்பதைக் கருவி கொண்டு பதிவு செய்தார்கள். வழியில் விளம்பரப் பலகைகள். ஓட்டி முடித்த பிறகு, எந்தப் பலகையைப் பார்த்தீர்கள் என்ற சோதனை. போனில் பேசியவர்களின் விழி பலகையின் மேல் நேராகவே நின்றிருந்தது. ஆனால் பார்த்ததாக அவர்களால் அடையாளம் காட்ட முடிந்தவை, பேசாமல் ஓட்டியவர்களைவிட வெகு குறைவு. விழி நின்ற இடத்தில் மனம் நிற்கவில்லை. உளவியலில் இதைக் கவனக் குருடு என்கிறார்கள். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் இருவரும் 1999-இல் வெளியிட்ட பரிசோதனை இதற்குப் பேர்போனது: பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னால், நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் வந்து மார்தட்டிவிட்டுப் போவதைப் பார்வையாளர்களில் பாதிப் பேர் கவனிப்பதே இல்லை.

வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2009-10 வாக்கில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியை வளாகத்தில் சுற்றவிட்டார்கள். தனியாக நடந்து வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கோமாளியைக் கண்டார்கள். போன் பேசியபடி வந்தவர்களில் கண்டவர் நால்வரில் ஒருவர். நடந்து போகிறவருக்கே இந்தக் கதி.

இப்போது மொபெட்காரரின் பேச்சுக்குத் திரும்பலாம். “கிரே கலர் அடுக்குக்குப் பின்னால, மூலையில.” அதைச் சொல்லும் நொடியில் அவர் மனம் எங்கே இருந்தது? குடோனில். அடுக்கு, மூலை, ரோல் என்று உள்ளுக்குள் படம் ஓடினால்தான் வாயில் பதில் வரும். ஸ்பெயினில் மிகேல் ஆங்கெல் ரெகார்ட்டே, லூயிஸ் நூனெஸ் என்ற இருவர் இதைத்தான் நிஜச் சாலையில் சோதித்தார்கள். ஓட்டுநரிடம் மனதுக்குள் உருவத்தையோ இடத்தையோ கற்பனை செய்யும் வேலை கொடுத்தால், அவர் பார்வை உலவும் பரப்பு சுருங்கியது. கண்ணாடியையும் வேகமானியையும் பார்ப்பது குறைந்தது. ஒரே இடத்தில் கண் குத்திட்டு நின்றது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்செல் ஜஸ்ட் குழுவினர் 2008-இல் மூளையைப் படம் பிடித்தார்கள். பாவனைச் சாலையில் ஓட்டியபடி ஒரு வாக்கியத்தைக் கேட்டு அது சரியா தப்பா என்று மட்டும் சொல்ல வேண்டும், பேசக்கூட வேண்டாம். ஓட்டுவதோடு தொடர்புடைய பக்கவாட்டு மேல்மடலின் இயக்கம் 37 சதவீதம் குறைந்தது.

இந்தப் பகுதியில் சரக்கைப் பற்றிப் பேசாத போன் அரிது. நிட்டிங்கில் இருந்து சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, கட்டிங்குக்கு, பவர் டேபிளுக்கு, செக்கிங்குக்கு என்று ஒரு பனியன் துணி ஊர் ஊராக அலைகிறது. ஒவ்வொரு கைமாற்றமும் ஓர் அழைப்பு. எது எங்கே இருக்கிறது, எத்தனை குறைகிறது, எப்போது வரும் என்று எல்லாமே மனதுக்குள் படம் போட வைக்கும் கேள்விகள். சும்மா ஊர்க்கதை பேசுவதைவிட இந்த வகைப் பேச்சு பார்வைக்கு அதிக இடைஞ்சல் தரும் என்று ஸ்பெயின் ஆய்வை வைத்துச் சொன்னால் தவறாகாது.

அப்படியானால் வண்டிக்குள் பக்கத்தில் இருப்பவரோடு பேசினாலும் இதேதானே? இல்லை. யூட்டா குழு 2008-இல் இதையும் பார்த்தது. வழியில் எட்டு மைல் தாண்டி ஓர் ஓய்விடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருந்த நண்பரோடு பேசிக்கொண்டே ஓட்டியவர்களில் 88 சதவீதம் பேர் சரியாக நிறுத்தினார்கள். நண்பரோடு போனில் பேசியவர்களில் பாதிப் பேர் இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. எதிரே பேருந்து ஏறி வந்தால் அவர் வாய் தானாக மூடிக்கொள்ளும், வீட்டுக்காரம்மாவாக இருந்தால் பேச்சை நடுவில் நிறுத்தி, “ஏனுங்க, பார்த்து!” என்பார். முன்சீட்டில் இருந்து வரும் இந்தக் குரலைக் கேலி செய்யாத ஆண் ஓட்டுநர் குறைவு. ஆனால் அது ஓட்டுநரின் இரண்டாவது ஜோடிக் கண். போனின் மறுமுனையில் கம்பெனி மேனேஜர் ஏசி அறையில் இருக்கிறார். பேருந்து ஏறி வருவது அவருக்குத் தெரியாது. பதில் தாமதித்தால், “லைன்ல இருக்கீங்களா?” என்று இன்னும் நெருக்குவார்.

ஏன் இரண்டையும் சேர்த்துச் செய்ய மூளைக்கு முடியவில்லை? பல ஆண்டு ஓட்டியவருக்கு கியர் மாற்றுவதும் வளைவில் திருப்புவதும் யோசிக்காமலே நடக்கும். எதிர்பாராத ஒன்று குறுக்கே வந்து ‘என்ன செய்வது’ என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்போதுதான் சிக்கல். செக்கிங் டேபிளுக்கு இரண்டு லைனில் இருந்து பீஸ் வந்து குவிந்தாலும் செக்கர் ஒருவர்தான் என்றால், ஒரு லைன் காத்திருந்தே ஆக வேண்டும். முடிவெடுக்கும் இடத்தில் மூளைக்கும் ஒரே செக்கர். 1931-இலேயே சார்லஸ் டெல்ஃபோர்டு என்ற உளவியலாளர் இதைக் கவனித்தார்: அடுத்தடுத்து மிகக் கிட்டத்தில் இரண்டு சமிக்ஞை வந்தால் இரண்டாவதற்கான பதில் பிந்துகிறது. 2006-இல் ஜொனாதன் லெவி, ஹெரல்ட் பாஷ்லர், எர்வின் போயர் மூவரும் பாவனை ஓட்டுக் கருவியில் இதை அளந்தார்கள். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு எரியும் அதே நேரத்தில், மிக எளிய ஒரு கேள்விக்கும் பதில் தர வேண்டியிருந்தால், பிரேக்கில் கால் விழுவது 174 மில்லிநொடி தாமதமானது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 மீட்டர். சாலையைக் குறுக்கிட்ட பள்ளிப் பிள்ளைக்கு 3 மீட்டர் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

“எனக்கெல்லாம் பழக்கமுங்க” என்பவர்களுக்காகவும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஜேசன் வாட்சனும் ஸ்ட்ரேயரும் 2010-இல் 200 பேரைச் சோதித்ததில், ஓட்டுவதும் மனக்கணக்கும் ஒன்றையொன்று பாதிக்காமல் செய்தவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்தே பேர். கஷ்டம் என்னவென்றால், அந்த ஐந்தில் தானும் ஒருவர் என்று மீதி 195 பேரும் நம்பக்கூடும். போன் பேசுபவர்களைக் குடித்தவர்களோடு ஒப்பிட்டும் பார்த்திருக்கிறார்கள். இரத்தத்தில் 0.08 சதவீத ஆல்கஹாலோடு ஓட்டியவர்கள் முரட்டுத்தனமாக, முன்வண்டிக்கு நெருங்கி ஓட்டினார்கள், ஆனால் மோதவில்லை. போன் பேசியவர்கள் நிதானமாகத்தான் ஓட்டினார்கள். அவர்களில் மூன்று பேர் முன்வண்டியின் பின்னால் போய் இடித்தார்கள். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் 0.03 சதவீதத்தைப் போல 0.08 இரண்டரை மடங்குக்கும் மேல் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டிய முடிவு இது.

கவனம் முழுக்கச் சாலையில் இருந்தால் சில நொடிகளில் என்ன செய்ய முடியும் என்பதற்கும் வெள்ளகோவிலிலேயே சான்று உண்டு. 2024 ஜூலை 24 அன்று தனியார் பள்ளி வேனை ஓட்டிப்போன 49 வயது ஓட்டுநருக்கு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பு வந்தது. வேனில் சுமார் இருபது குழந்தைகள். வலியோடேயே வண்டியைச் சாலை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் அவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தார். ஒரு குழந்தைக்கும் சிராய்ப்பு இல்லை. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. முதலமைச்சர் அஞ்சலி செலுத்தி, குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தார். அந்தத் தியாகத்தைப் பற்றி ஊரே பேசியது, பேச வேண்டியதுதான். சேர்த்துக் கவனிக்க வேண்டியது, கைவசம் இருந்த சொற்ப நொடிகளில் ஒன்றுகூட வேறெதற்கும் செலவாகவில்லை என்பது.

கவனம் விலகுவதற்கு இன்னொரு வழி, போனே இல்லாமல் நடப்பது: தூக்கம். அதே ஆண்டு ஏப்ரல் 9 அதிகாலையில் வெள்ளகோவிலை அடுத்த ஓலப்பாளையம் அருகே காரும் அரசுப் பேருந்தும் மோதி, மூன்று மாதக் குழந்தை உட்பட ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துத் திருப்பூர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். மோதலின் காரணத்தை வழக்கு பார்த்துக்கொள்ளட்டும். பயணத்தின் அமைப்பு மட்டும் இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் பழக்கமானது. மறுநாள் கம்பெனிக்குப் போக வேண்டும், அதனால் ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்பிவிடலாம் என்ற கணக்கு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கை கண் ஒத்திசைவு, இரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று ட்ரூ டாசன், கேத்ரின் ரீட் இருவரும் 1997-இல் காட்டினார்கள். 2020 பிப்ரவரி 20 பின்னிரவில் அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி தடுப்பைத் தாண்டி வந்து கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்தபோது, டயர் வெடித்தது என்றுதான் முதலில் பேச்சு. ஓட்டுநர் கண்ணயர்ந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

சரி, போனால் எத்தனை விபத்து? சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2021-இல் நாடு முழுக்க, வாகனம் ஓட்டும்போது போன் பயன்படுத்தியதால் 1,997 விபத்துகள், 1,040 சாவுகள். நம்ப முடிகிறதா? 2022-இல் தமிழ்நாட்டில் மட்டும் எல்லா வகையும் சேர்த்து 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். நாடெங்கும் செத்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். விபத்துகளில் 72 சதவீதத்துக்கும் மேல் ‘அதிவேகம்’ என்ற கட்டத்தில் அடைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கட்டம் எங்கிருந்து வருகிறது என்று அறிய எந்தக் காவல் நிலையத்திலும் விபத்து வழக்கின் முதல் தகவல் அறிக்கையைப் படித்தால் போதும். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து” என்ற தொடர் அச்சு வார்த்தது போல வரும். சட்டப்பிரிவு கேட்பது அதைத்தான். ஓட்டுநர் பேசிக்கொண்டிருந்தார் என்பதை நிரூபிக்க அழைப்பு விவரம் வாங்க வேண்டும், நேரத்தை ஒப்பிட வேண்டும். பம்பர் நசுங்கிய வழக்குக்கு அந்த மெனக்கெடலை யார் எடுப்பார்கள்? ஐஐடி மெட்ராஸ் உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் 2021 முதல் தமிழ்நாட்டிலும் நடைமுறையில் இருக்கிறது; சம்பவ இடத்திலிருந்தே செல்பேசி வழியாக விவரம் ஏற்றலாம். ஆனாலும் ஓட்டுநரின் மனம் குடோனில் இருந்தது என்று எழுத அதிலும் வழியில்லை.

சட்டம் பார்ப்பது கையைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவது 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆபத்தான ஓட்டுதலில் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து முதல் தடவைக்கு 1,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 10,000 ரூபாய். வழி காட்டும் வரைபடத்துக்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி தளர்ந்தது. காதில் பஞ்சு மாதிரி புளூடூத்தை வைத்துக்கொண்டு டெம்போ ஓட்டுபவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினாலும், அவர் கையில் எதுவும் இருக்காது. டொரண்டோ ஆய்வின் துணைமுடிவு நம் சட்டப்புத்தகத்தில் ஏறவில்லை.

ஏற்றச் சொன்னவர்கள் உண்டு. 2010 ஆகஸ்டில் மிசூரி மாநிலத்தில் கிரே சம்மிட் என்ற இடத்தில் ஒரு பிக்கப் வண்டி மோதி, பின்னால் வந்த பள்ளிப் பேருந்துகளும் இடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 19 வயது பிக்கப் ஓட்டுநர் அதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 11 குறுஞ்செய்திகள் அனுப்பியும் பெற்றும் இருந்தார். இதை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், கை படாமல் பேசுவதையும் சேர்த்தே தடை செய்யுங்கள் என்று 2011 டிசம்பரில் மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. எல்லா ஓட்டுநர்களுக்கும் அப்படித் தடை விதிக்க எந்த மாநிலமும் முன்வரவில்லை.

அடுத்த ஆண்டு டெக்சாசில் கார்பஸ் கிறிஸ்டி நகர ஜூரி ஒருபடி மேலே போனது. பன்னாட்டுக் குளிர்பான நிறுவனம் ஒன்றின் ஊழியர், கம்பெனி அனுமதித்தபடியே காதில் மாட்டும் கருவியில் பேசிக்கொண்டு ஓட்டி ஒரு பெண்ணின் காரில் மோதியிருந்தார். அவர் கம்பெனி விதியையும் மீறவில்லை, மாநிலச் சட்டத்தையும் மீறவில்லை. அப்படிப் பேச அனுமதித்த கம்பெனிதான் பொறுப்பு என்று 2 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது ஜூரி.

திருப்பூர் வட்டாரத்தில் எழ வேண்டிய கேள்வியும் இதுதான் என்று தோன்றுகிறது. அபராதச் சீட்டு ஓட்டுநரின் பேருக்குத்தான் வரும். அவரை ஓடும் வண்டியில் கூப்பிட்டது யார்? ஏற்றுமதிக்குக் கப்பல் தேதி நெருங்கினால் பையர் மெர்ச்சண்டைசரை விரட்டுகிறார், மெர்ச்சண்டைசர் புரொடக்‌ஷன் மேனேஜரை, அவர் ஜாப் ஒர்க் யூனிட்டை, அந்த யூனிட்காரர் டெம்போ டிரைவரை. சங்கிலியின் கடைசியில் இருப்பவருக்கு மட்டும் போனை எடுக்காமல் இருக்கும் வசதி கிடையாது. எடுக்கவில்லை என்றால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். லாரிகளில் ஒரு காலத்தில் கிளீனர் கட்டாயம் இருப்பார். இடது ஓரம் பார்ப்பது, லோடு இறங்கும் இடத்தை விசாரிப்பது எல்லாம் அவர் பாடு. டீசல் விலையும் பேட்டாவும் ஏறியதில் குட்டியானை போன்ற சின்ன வண்டிகளில் அந்த இருக்கை பெரும்பாலும் காலி.

அந்த அழைப்புகளில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “எங்க வந்துட்டிருக்கீங்க?” அதற்கு ஓட்டுநர் வாயைத் திறக்கவே வேண்டாம். 2019 ஜனவரி முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் இடங்காட்டும் கருவி கட்டாயம். சரக்கு வண்டியில் அதைப் பொருத்தினால், வெள்ளகோவிலில் கிளம்பிய நூல் காங்கேயத்தைத் தாண்டிவிட்டதா என்பதைக் கம்பெனி மேசையில் இருந்தே வரைபடத்தில் பார்த்துவிடலாம். காசு கொடுத்துக் கருவி வாங்க மனமில்லாதவர்களுக்கு, போனிலேயே இருப்பிடத்தைப் பகிரும் வசதி இலவசம். கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை அனுப்பிவிட்டால் வண்டி போய்ச் சேரும்வரை அதுவே பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.